கத்திரி வெயிலில் அல்லி, தாமரை பார்சல்

தண்ணீரில் வளர்கிற செடிதானே என்று கவரில் தண்ணீர் ஊற்றிக் கட்டி அனுப்புகிறார்கள். கோடையில் நடக்கிற முதல் தப்பு இதுதான். இந்த வெயிலில் பார்சலில் போகும் அல்லி காய்ந்து சாவதைவிட, வெந்து அழுகிச் சாவதுதான் அதிகம். மதியம் வெயிலில் நிற்கும் டெலிவரி வண்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. கட்டிய கவருக்குள் மிச்சம் இருப்பதையும் பாக்டீரியா தின்று தீர்த்துவிட்டால், கிழங்கு கொழகொழத்துப் போக இரண்டு நாள் போதும். ஈரம் வேண்டும், தண்ணீர் வேண்டாம்.

வேலையை முந்தின நாள் சாயங்காலமே தொடங்குங்கள். செடியை எடுத்துச் சேறு துளியும் இல்லாமல் வேரை அலசி, பழைய வேரை 2 அங்குலம் விட்டு நறுக்குங்கள். பெரிய இலைகளையும் வெட்டிவிடுங்கள். 'இலையே இல்லையே' என்று வாங்குகிறவர் கேட்பாரோ என்று பயந்து பலர் அப்படியே விடுகிறார்கள். அல்லி இலைக்கு மூச்சுத்துளை மேல்பக்கம்தான். அடியில் எப்போதும் தண்ணீர் இருக்கும் என்று நம்பி வளர்ந்த இலை அது. வெளியே எடுத்தால் சீக்கிரமே சுருளும், வழியில் மஞ்சளாகி அழுகிக் குருத்தையும் சேர்த்துக் கெடுக்கும். நடுக்குருத்தும், ஒட்டி இருக்கும் இரண்டு மூன்று இளம் இலையும் போதும். இலைக்கு அடியில் ஜெல்லி மாதிரி ஒட்டியிருப்பது நத்தை முட்டை, வழித்து எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க நிழலில், நல்ல தண்ணீர் உள்ள வாளியில் செடி கிடக்கட்டும்.

மறுநாள் செய்தித்தாளை நனைத்துப் பிழியுங்கள். கையில் இறுக்கிப் பிடித்தால் சொட்டு விழக்கூடாது, விரித்துத் தொட்டால் விரல் ஈரமாக வேண்டும். அதுதான் பதம். வேரையும் கிழங்கையும் அதில் சுற்றிக் குருத்தை மட்டும் வெளியே விட்டு, கொஞ்சம் காற்றோடு ஜிப்லாக் கவரில் மூடுங்கள். ரகத்தின் பெயரைப் பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் ஈரத்தில் அழியும், பென்சில் நிற்கும்.

தாமரைக் கிழங்குக்குக் கவனம் இன்னும் வேண்டும். வெட்டும்போது கணுவுக்குக் கணு முழுசாக இருக்கட்டும். நடுவில் வெட்டினால் உள்ளே இருக்கும் காற்றுக்குழாய்கள் திறந்து, தண்ணீர் புகுந்து அங்கிருந்தே அழுகும். ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் அதன் உயிர். கிழங்கைவிட நீளமான அட்டைப் பட்டையில் கிழங்கை வைத்து நூலால் தளரக் கட்டி, முனை அட்டையைத் தாண்டாதபடி பாருங்கள். பிறகு பிழிந்த தேங்காய் நார்த்தூளில் புதைத்துக் கவரில் போடுங்கள்.

பெட்டி 5 ப்ளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டை. உள்ளே ஆறு பக்கமும் அரை அங்குலத் தெர்மோகோல், இடைவெளியில் காய்ந்த காகிதம். ஐஸ் பேக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் ராத்திரியே உருகிவிடும், அது விடும் ஈரத்தில் அட்டை நமுத்துப்போகும், நேராகப் பட்ட இடத்தில் செடியும் கருகும்.

திங்கள், செவ்வாய் தவிர வேறு நாளில் போடாதீர்கள். வியாழக்கிழமை போட்டால் ஞாயிற்றுக்கிழமை குடோனில் கிடக்கும். ஏப்ரல் 14, மே 1 விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி ஏற்றுவதற்குச் சற்று முன் சாயங்காலம் கொடுத்தால், முதல் பயணம் ராத்திரியில் போகும். 'உயிருள்ள செடி' என்று பெட்டிமேல் எழுதுவதை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. அதைவிட, வாங்குகிறவரையே கொரியர் ஆபீஸில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; ஒரு மதிய வெயில் மிச்சம்.

மே மாத நடுவில் தாமரை கேட்பவர்களுக்கு விதை அனுப்புவது உத்தமம். சாதாரண உறையிலேயே போகும். சீனாவில் ஏறக்குறைய 1300 ஆண்டுப் பழைய தாமரை விதையே முளைத்திருக்கிறது, நாலு நாள் வெயில் அதை என்ன செய்யும்? ஆனால் விதையில் வரும் செடி தாய்ச்செடி மாதிரியே பூக்காது, சொல்லி அனுப்புங்கள். வெங்காயத்தாமரையை மட்டும் யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். நம் ஏரிகளில் இருப்பதே போதும்.

பார்சலோடு ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள்: பிரித்ததும் நிழலில் வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி. கொழகொழத்த இடம் இருந்தால் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டவும். நடுவது சாயங்காலம், முனை மண்ணுக்கு மேலே. மூன்று வாரத்துக்கு உரம் வேண்டாம்.