உப்புக் காற்றில் பழைய கார்ச் சக்கரங்கள்

காவிரி டெல்டாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசிடர்களையும் பிரீமியர் பத்மினிகளையும் பார்க்கும்போது என் கண் முதலில் சக்கரத்தின் மீதுதான் விழும். உடம்புக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, இருக்கைக்கு உறை மாற்றி, பம்பரைக் கண்ணாடியாக மினுக்கியிருப்பார்கள். ரிம்மின் விளிம்பு மட்டும் செதில் செதிலாக உரிந்து நிற்கும். பத்மினியின் தயாரிப்பு நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அம்பாசிடரும் 2014இல் நின்றுவிட்டது. ஆகவே, கையில் இருக்கும் நல்ல ரிம்மைக் காப்பாற்றுவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. சக்கரத்தின் முகத்தை மினுக்குவதற்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது அதன் முதுகிலும் டயருக்குள் மறைந்திருக்கும் உள்வளையத்திலும் செலவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

நம் பகுதியில் இரும்பைத் தின்பது ஈரம் மட்டுமன்று, ஈரத்தோடு சேர்ந்து வரும் உப்பின் குளோரைடும்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால், தரங்கம்பாடி என்று கடலோரமாகப் போய்வரும் வண்டியின் மீது உப்புத் துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் படிகின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கிறது. கடலோரத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பாக இருப்பதால், அதிலேயே வண்டியைக் கழுவி வெயிலில் காயவிடுவது உப்பைக் கரைத்துப் பூசிவிடுவதற்குச் சமம். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். விவசாயக் குடும்பங்களில் கார் நிற்கும் கொட்டகையிலேயே உர மூட்டைகளை அடுக்கி வைக்கும் வழக்கம் உண்டு. வயலுக்குப் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். மூட்டையிலிருந்து சிந்தி, தரை ஈரத்தில் கசிந்து நிற்கும் அந்த உரத்தின் மீது சக்கரம் மாதக்கணக்கில் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மூட்டைகளை வேறிடத்துக்கு மாற்றுவது எந்தப் பாலிஷையும் விட மலிவான பாதுகாப்பு.

சக்கரத்தின் நடுவை மூடும் பளபளப்பான மூடியான வீல் கப்பிலிருந்து தொடங்குகிறேன். பழைய வீல் கப்பின் மினுமினுப்பில் பெரும் பங்கு நிக்கலுடையது. அதன் மேலிருக்கும் குரோமியப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. அது மிகக் கடினமானது என்றாலும் அதில் நுண்ணிய வெடிப்புகளும் துளைகளும் உண்டு. அந்தத் துளைகளின் வழியாக ஈரம் இறங்கி, நிக்கலையும் கடந்து அடியிலுள்ள இரும்பைத் தொடும்போதுதான் ஊசிமுனை போன்ற பழுப்புப் புள்ளிகள் மேலே வருகின்றன. புள்ளியளவில் இருக்கும்போதே கவனித்தால், பார்சல் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, நல்ல தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாலே அவை நீங்கும். அலுமினியம் குரோமியத்தை விட மென்மையானது என்பதால் பெரும்பாலும் கீறல் விழாது. உப்புத்தாளையும் பாத்திரம் துலக்கும் கம்பி நாரையும் அருகில் கொண்டுவரவே கூடாது. குத்துவிளக்கைப் போல இதையும் புளி போட்டுத் துலக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பித்தளைக்குப் புளி நல்லது. ஆனால், முலாம் பூசிய இரும்பில் அந்த அமிலம் துளைகளுக்குள் தங்கி, நாம் ஒழிக்க நினைத்த துருவையே வளர்த்துவிடும். துடைத்துக் காய்ந்தபின் நல்ல மெழுகை மெல்லிதாகப் பூசினால் துளைகளின் வாய் அடைபடும். கப்பின் உட்பக்கத்துக்கும் அதே கவனம் தேவை. முலாமே உரிந்து தகடாகக் கிளம்பிவிட்ட கப்புக்கு மறுமுலாம் ஒன்றே வழி.

ரிம்முக்கு வருவோம். டயரையும் ட்யூபையும் கழற்றாமல் செய்யும் வேலை வெறும் ஒப்பனைதான். இந்த வண்டிகளின் டயர்கள் ட்யூப் உள்ளவை. உள்வளையத்தில் துரு செதிலாகக் கிளம்பினால் அது ட்யூபை அராவிக்கொண்டே இருக்கும். ஆணி எதுவும் அகப்படாமல் அடிக்கடி பஞ்சர் ஆகும் சக்கரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான். டயரைக் கழற்றும்போது லீவருக்கும் விளிம்புக்கும் இடையே தடித்த தோல்துண்டு ஒன்றை வைக்கும்படி பஞ்சர் கடைக்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டும் முன்பு, வீல் கப் மறைத்திருந்த பகுதியையும் ஸ்டெப்னியையும் பாருங்கள். வண்டியின் முதல் நிறம் பெரும்பாலும் அங்கேதான் மங்காமல் மிஞ்சியிருக்கும்.

பழைய பூச்சு முழுவதையும் நீக்குவதற்கு, காற்றழுத்தத்தில் துகள்களைப் பீய்ச்சிச் சுரண்டும் பிளாஸ்டிங் சிறந்தது. திருச்சியை அடுத்த துவாக்குடிப் பக்கம், கொதிகலன் தயாரிக்கும் பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த பட்டறைகள் பல இருப்பதால் அந்த வசதியைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆனால், கொதிகலனுக்குரிய கனத்த இரும்பைச் சுத்தம் செய்யும் வேகத்தில் சக்கரத்தின் தகட்டையும் அடித்துவிடக் கூடாது. நுண்ணிய துகளும் குறைந்த அழுத்தமும் வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது அவசியம். வெறும் ஆற்றுமணலைக் கொண்டு செய்வதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அதன் சிலிக்காத் தூசி வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். இரும்பு வெளுத்து வந்ததும் நட்டுத் துளைகளைச் சுற்றியும், ரிம்மும் நடுத்தட்டும் சேரும் இடுக்கிலும் நல்ல வெளிச்சத்தில் விரிசல் தேட வேண்டும். விரிசல் கண்ட சக்கரத்துக்குப் பட்டி பார்ப்பதோ வெல்டு வைப்பதோ உயிரோடு விளையாடுவது. அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான். பிளாஸ்டிங் எட்டாத இடுக்குகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவலாம், எஞ்சியதை நன்றாகத் துடைத்தெடுத்த பிறகே பிரைமர் என்னும் அடிப்பூச்சுக்குப் போக வேண்டும்.

நம் ஊர்க் காற்றில் வெற்றிரும்பு ஓர் இரவிலேயே பழுத்துவிடும் என்பதால், எபாக்சி பிரைமரை அன்றைக்கே அடித்தாக வேண்டும். காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பூச்சு பாலாடையாக வெளுக்கும். பனி விலகிய மாசி முதல் சித்திரை வரை உள்ள மாதங்களே இந்த வேலைக்கு உகந்தவை. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட் நன்றாக உழைக்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் அடிக்கும் காரியம் அதுவன்று.

பெயிண்டுக்குப் பதிலாகப் பொடியைப் படியவைத்துச் சுடும் பவுடர் கோட்டிங்கைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் சுட்டெடுக்கும் அந்தப் பூச்சு உறுதியானதுதான். ஆயினும், ஒரு கல் தெறித்து அது உடைந்துவிட்டால், உப்பீரம் அடியில் புகுந்து, மேலே எதுவும் தெரியாமலேயே துரு பரவும். பிறகு பூச்சு தோலாக உரிந்து வரும். பெயிண்டில் பட்ட காயம் கண்ணுக்குத் தெரியும், அன்றே தொட்டுச் சரிசெய்துவிடலாம். கடற்கரைக்கு அருகே ஓடும் வண்டிக்கு எபாக்சி பிரைமரின் மேல் பெயிண்ட் என்பதே என் தேர்வு. எதை அடித்தாலும், நட்டு உட்காரும் சரிவான இருக்கைகளையும் சக்கரத்தைத் தாங்கும் ஹப்போடு பொருந்தும் முகத்தையும் மறைத்துவிட்டே அடிக்க வேண்டும். அங்கே தடித்த பூச்சு இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளரும். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.

பராமரிப்பில் சொல்வதற்கு அதிகமில்லை. வேளாங்கண்ணிக்கோ கோடியக்கரைக்கோ போய்வந்தால், வீடு திரும்பிய அன்றே சக்கரத்தின் முன்னும் பின்னும் கழுவி, கடைசி வாளித் தண்ணீர் மட்டுமாவது உவர்ப்பில்லாத மழைநீராகவோ ஆற்றுநீராகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். சர்வீஸ் ஸ்டேஷன்களில் வாட்டர் வாஷ் முடிந்ததும் அடிப்பகுதியில் டீசலோ பழைய ஆயிலோ பீய்ச்சுவதை ஒப்புக்கொள்வதில்லை. அது டயரின் ரப்பரை ஊதச் செய்து கெடுப்பதோடு, அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போடும் நெல்லின் தூசியையும் சுணையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, மழைக்காலம் தொடங்கும் முன்பு சக்கரத்தைக் கழற்றி, முதுகுப் பக்கத்து இடுக்குகளில் துருத்தடுப்பு மெழுகைப் பாய்ச்சுவதும், தை பிறந்தபின் அதைத் திரும்பப் பார்த்து விட்ட இடங்களில் பூசுவதும் போதும். ஸ்டெப்னிக்கும் இதையே செய்ய வேண்டும். டிக்கியில் ஈரச் சாக்கின் மேல் அதைப் போட்டு வைத்தால், ஓடாத சக்கரமே மற்ற நான்குக்கும் முன்பாகத் துருவேறிவிடும்.