மூச்சு விட நேரமில்லாத டிஃபென்ஸ்: 2024 நாட்குறிப்பு

ஜனவரி 9, 2024, செவ்வாய்

நேற்று இரவு ஹூஸ்டனில் நடந்த அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் இறுதி ஆட்டத்தில் மிச்சிகன் 34, வாஷிங்டன் 13. சீசன் முழுக்கப் பந்தை வீசியே எதிரணிகளைக் கலங்கடித்த வாஷிங்டன், ஒரே ஒரு டச்டவுனோடு (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) ஊர் திரும்பியது. அதன் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், மைக்கேல் பெனிக்ஸ் 51 முறை வீசினார். அதில் 27 மட்டுமே அவருடைய ஆட்களின் கைக்குப் போனது. இரண்டை மிச்சிகன் பறித்துக்கொண்டது.

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே அலபாமாக்கார நண்பர் பிடித்துக்கொண்டார். "பார்த்தாயா, கடைசியில் கோப்பை டிஃபென்ஸுக்குத்தான்!" எனக்கும் அந்த ஆசை உண்டு. அட்லாண்டாவுக்கு வந்த புதிதில் இந்த விளையாட்டின் மேல் எனக்குப் பிடிப்பு வந்ததே தடுப்பவர்களால், அதாவது டிஃபென்ஸால்தான். ஆனால் இதே மிச்சிகன், 2022 டிசம்பர் 31 அன்று அரையிறுதியில் டி.சி.யு.விடம் (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 51 புள்ளி கொடுத்துத் தோற்றது. அந்த 51-இல் இரண்டு டச்டவுன் டி.சி.யு.வின் டிஃபென்ஸ் பந்தைப் பறித்து ஓடி எடுத்தது. அதைக் கழித்தாலும் 37 வருகிறது. மிச்சிகனின் அந்த டிஃபென்ஸ் ஒன்றும் சோடை அல்ல.

நேற்று மிச்சிகன் ஜெயித்த விதத்தையும் பார்க்க வேண்டும். ஓடியே 303 யார்ட் எடுத்தார்கள். தன் அஃபென்ஸும் (பந்தோடு முன்னேறும் பக்கம்) நன்றாக ஓடினால்தான் டிஃபென்ஸுக்கு உட்கார நேரம் கிடைக்கும். அயோவாவுக்குக் கிடைக்கவில்லை. போன சீசனில் நாட்டின் தலைசிறந்த டிஃபென்ஸ்களில் ஒன்றை வைத்துக்கொண்டு 10 ஆட்டம் ஜெயித்தவர்கள், பெரிய அணிகளிடம் 26-0, 35-0 என்று முடித்தார்கள்.

ஜனவரி 10, புதன்

சாயங்காலம் செய்தி வந்தது. அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெறுகிறார். 72 வயது, ஏழு தேசிய சாம்பியன் பட்டம். அலபாமாக்கார நண்பர் போனை எடுக்கவில்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 11, வியாழன்

சேபனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. டிஃபென்ஸ் ஏன் தோற்கிறது என்பதை இவர் பாதையை வைத்தே சொல்லிவிடலாம்.

90களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்டின் தொழில்முறை அணியில் பயிற்சியாளர் பில் பெலிசிக்கின் கீழ் டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டவர். அலபாமாவில் அவர் கட்டிய 2011 டிஃபென்ஸ், ஆட்டத்துக்குச் சராசரியாக 8 புள்ளிக்குச் சற்று மேல்தான் விட்டது. நடுவில் மலை மாதிரி ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் நின்று தடுக்கும் தடித்த லைன்பேக்கர்கள். எதிரணி நேராக முட்டினால் நசுங்கியது.

அப்புறம் வேகம் வந்தது. ஆரிகனில் சிப் கெல்லி 2009 முதல் 2012 வரை நடத்தியது அதுதான். ஒவ்வொரு முறை பந்து நின்றதும் கூடிப் பேசும் வழக்கத்தையே எடுத்துவிட்டார்கள். மைதான ஓரத்தில் படம் போட்ட பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். வீரர்கள் அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரிசையில் நின்றுவிடுவார்கள். விதி என்ன சொல்கிறது என்றால், அஃபென்ஸ் ஆள் மாற்றினால் டிஃபென்ஸுக்கும் மாற்ற அவகாசம் கொடுக்க வேண்டும். அஃபென்ஸ் மாற்றவில்லையா? நடுவர் பந்தை வைத்ததும் அடுத்த பந்தைத் தொடங்கலாம். அதாவது அந்த மலை போன்ற ஆளை வெளியே எடுக்கவே முடியாது. சளைத்துப்போய் நிற்க வேண்டியதுதான்.

2012 அக்டோபரில் சேபன் வெளிப்படையாகவே கேட்டார், ஃபுட்பால் இப்படித்தான் ஆக வேண்டுமா என்று. அடுத்த மாதமே டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜானி மன்சியெல் என்ற முதலாண்டு குவாட்டர்பேக்கை வைத்துக்கொண்டு, அலபாமாவை அதன் சொந்த ஊரான டஸ்கலூசாவிலேயே 29-24 என்று சாய்த்தது. 2014 தொடக்கத்தில் ஒரு விதித் திருத்தம் வந்தது. டிஃபென்ஸ் ஆள் மாற்றிக்கொள்ள ஒவ்வொரு முறை பந்தைத் தொடங்கும் முன் 10 வினாடி ஒதுக்க வேண்டும் என்பது அது. சேபனும் அர்கன்சஸ் பயிற்சியாளர் பிரெட் பியெலமாவும் ஆதரித்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்ததால் மார்ச்சில் அதைக் கிடப்பில் போட்டார்கள்.

அந்த ஆண்டே சேபன் லேன் கிஃபினை அஃபென்ஸ் பொறுப்பில் உட்கார வைத்தார். விதி மாறாது என்று தெரிந்ததும் தன் அணியை மாற்றினார். மற்ற பல பயிற்சியாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேலையை இழந்த காலம் அது. இந்த மனிதரிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஜனவரி 13, சனி

சேபன் நாற்காலிக்கு கேலன் டிபோர் வந்துவிட்டார். திங்கள் இரவு தோற்ற வாஷிங்டன் அணியின் பயிற்சியாளர். அஃபென்ஸ்காரர்.

ஜனவரி 14, ஞாயிறு

இன்று மழை. இரண்டு பழைய ஆட்டங்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மைதானம், ஒரே இரு அணிகள், நவம்பர் மாதம்.

2011 நவம்பர் 5: எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) 9, அலபாமா 6, அதுவும் கூடுதல் நேரத்தில். டச்டவுனே கிடையாது. 2019 நவம்பர் 9: எல்.எஸ்.யு. 46, அலபாமா 41. முன்னதில் மொத்தம் 15 புள்ளி, பின்னதில் 87.

இரண்டு படங்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் பந்து நகர்வதற்கு முன்பே தெரிகிறது. 2011இல் ஆட்டம் தொடங்கும் முன் பெரும்பாலான ஆட்கள் நடுவில் குவிந்து நிற்கிறார்கள். யாருக்கு பலம் அதிகம் என்பதுதான் கேள்வி. 2019இல் எல்.எஸ்.யு. ஐந்து பேரை மைதானத்தின் அகலம் முழுக்க விரித்து வைக்கிறது. அதன் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவுக்குப் பக்கத்தில் பல சமயம் யாருமே இல்லை. அலபாமாவும் பரவி நின்றே ஆக வேண்டும். பரவியதும் யார் யாரைக் காக்கிறார்கள் என்று பர்ரோவுக்கு விளங்கிவிடுகிறது. 39 வீச்சில் 31 கை சேர்ந்தது, 393 யார்ட். அந்த ஆண்டுதான் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடி வந்து எல்.எஸ்.யு.வின் பந்துவீச்சுத் திட்டத்தைத் திருத்தியிருந்தார். 15-0 என்று முடித்தார்கள், மொத்தம் 726 புள்ளி.

அலபாமாவின் ஆட்கள் அன்று பலவீனமாக இல்லை. அவர்களின் பலத்தை யாரும் சோதிக்கவே இல்லை. முட்டுவதற்கென்று வளர்த்த உடம்பைத் திறந்தவெளியில் ஓடச் சொன்னார்கள்.

ஜனவரி 20, சனி

வேகம் ஓர் அணியை என்ன செய்யும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் 2017 ஜனவரி 9 அன்று டாம்பாவில் நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியைப் பார்க்க வேண்டும். அதுவரை தோல்வியே காணாத அலபாமா, கால் பகுதி தொடங்கும்போது கிளெம்சனைவிட 24-14 என முன்னிலை. டிஃபென்ஸில் ஜோனதன் ஆலன், ரூபன் ஃபாஸ்டர் போன்றவர்கள். கிளெம்சனோ நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தது. அன்று மட்டும் 99 முறை பந்தைத் தொடங்கியது.

கடைசி நிமிடங்களில் கேமரா நெருங்கும்போதெல்லாம் அலபாமாவின் முன்வரிசை ஆட்கள் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். கால்கள் நேராக இல்லை. நாட்டிலேயே பலசாலியான முன்வரிசை அது. ஒரு வினாடி மிச்சமிருக்கும்போது கிளெம்சனின் குவாட்டர்பேக் டெஷான் வாட்சன் வலப்பக்கம் ஓடி ஹன்டர் ரென்ஃப்ரோவிடம் போட்டார். 35-31. கடைசிக் கால் பகுதியில் மட்டும் 21 புள்ளி. அந்த முன்வரிசையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். ஆர்.பி.ஓ. (ரன்-பாஸ் ஆப்ஷன்) பற்றி, அதாவது ஓடுவதா வீசுவதா என்பதைக் கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆட்டம் பற்றி.

லைன்பேக்கர் ஒருவனை மட்டும் பார்ப்போம். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்: எதிரில் உள்ள கார்டைப் (அஃபென்ஸின் முன்வரிசை ஆள்) பார். கார்டு முன்னால் பாய்ந்தால் ஓட்டம், நீயும் முன்னால் பாய். பின்வாங்கினால் வீச்சு, நீயும் பின்னால் போ. இப்போது பந்து வருகிறது. குவாட்டர்பேக் அதை ஓட்டக்காரனின் வயிற்றில் வைக்கிறான், ஆனால் கையை எடுக்கவில்லை. கண் இந்த லைன்பேக்கர் மேல். கார்டு முன்னால் பாய்கிறான். பாடப்படி லைன்பேக்கர் இரண்டடி முன்னே வருகிறான். அவ்வளவுதான், பந்து வயிற்றிலிருந்து வெளியே வந்து, அவன் விட்டுவந்த இடத்துக்குக் குறுக்கே ஓடிவருகிறவன் கையில் போய்ச் சேர்கிறது. வராமல் நின்றிருந்தால்? ஓட்டக்காரனிடம் கொடுத்திருப்பான், ஐந்து யார்ட். அவன் எதைச் செய்தாலும் தப்பாகிவிடுகிறது, ஏனென்றால் அவன் செய்த பிறகுதான் எதிராளி முடிவெடுக்கிறான்.

கார்டு அப்படிப் பாய்ந்து ஏமாற்ற முடிவதற்குக் காரணம் விதி. கல்லூரி ஆட்டத்தில் பந்து வீசப்படும்போது முன்வரிசை ஆட்கள் பந்து தொடங்கிய கோட்டைத் தாண்டி மூன்று யார்ட் வரை போயிருக்கலாம். தொழில்முறை என்.எஃப்.எல்.லில் ஒரு யார்ட்தான். கல்லூரியிலும் ஒன்றாகக் குறைக்க 2015இல் முயன்றார்கள், நடக்கவில்லை.

இன்னொன்று மைதானம். அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆனால் பந்தை வைக்கும் இரு குறிக்கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18½ அடி. பந்து குறிக்கோட்டில் இருந்தால் கல்லூரியில் ஒரு பக்கம் 100 அடி திறந்து கிடக்கிறது. என்.எஃப்.எல்.லில் அது 89 அடி. 20 வயதுப் பையன் 11 அடி கூடுதலாகக் காக்க வேண்டும், அதுவும் அனுபவம் குறைந்த கால்களோடு. வட்டத்துக்கு வெளியே இத்தனை பேர்தான் நிற்கலாம் என்ற விதி ஒருநாள் கிரிக்கெட் பந்துவீச்சாளரை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

தலையைக் குறிவைத்து மோதினால் 2013 முதல் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றம். முன்பு நடுவில் குறுக்கே ஓட நெஞ்சுரம் வேண்டும், இப்போது அந்த பயம் குறைந்துவிட்டது. இதுவும் அஃபென்ஸுக்கு லாபம்தான். இருந்தாலும் இந்த விதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகளின் மூளை எந்த டிஃபென்ஸையும்விடப் பெரிது.

ஏப்ரல் 20, சனி

இந்த சீசனிலிருந்து ஹெல்மெட்டில் பயிற்சியாளர் பேசும் ரேடியோ. மைதானத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்கு ஒருவர் கேட்கலாம். அடுத்த பந்தைத் தொடங்குவதற்கான கடிகாரம் 15 வினாடியைத் தொட்டதும் இணைப்பு துண்டிக்கப்படும். டிஃபென்ஸுக்கும் ஒரு காது கிடைத்தது நல்லது. ஆனால் வேகமாக ஆடுகிற அணிக்கு எதிராக, அந்த ஒருவன் கேட்டு மற்ற பத்துப் பேருக்குக் கத்திச் சொல்ல நேரம் எங்கே?

ஜூன் 15, சனி

வீட்டருகே பூங்காவில் பையன்கள் ஏழுக்கு ஏழு ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை இல்லை, முட்டல் இல்லை, வீசுவதும் பிடிப்பதும் மட்டும். பன்னிரண்டு வயதிருக்கும், ஒருவன், எதிரே தடுக்க நிற்பவன் எந்தத் தோளைத் திருப்புகிறான் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் பந்தைப் போட்டான். கோடை முழுக்க இதே வேலை. முட்டித் தடுப்பதைக் கோடையில் இப்படிப் பழக முடியாது. கல்லூரிக்கு வரும்போது குவாட்டர்பேக் பல ஆயிரம் வீச்சு போட்டவனாக வருகிறான்.

இதற்கெல்லாம் விதை போட்டவர்கள் சின்ன ஊர்க்காரர்கள். ஹால் மம்மியும் மைக் லீச்சும் 1989இல் அயோவா வெஸ்லியன் என்ற சிறு கல்லூரியில் 'ஏர் ரெய்ட்' முறையைத் தொடங்கினார்கள். திட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் தூக்கத்தில் கேட்டாலும் செய்யும் அளவுக்குப் பயிற்சி. பெரிய உடம்புக்காரர்கள் பெரிய கல்லூரிகளுக்குப் போய்விட, மிச்சமிருப்பவர்களை வைத்து ஜெயிக்கப் பிறந்த வழி அது. லீச் பிறகு டெக்சஸ் டெக்கில் பத்து ஆண்டு அதை நடத்தி, 2008இல் முதலிடத்தில் இருந்த டெக்சஸை 39-33 என்று வென்றார். 2022 டிசம்பரில் காலமானார். எளியவனுக்காகச் செய்த ஆயுதத்தை வலியவன் எடுத்துக்கொண்ட பிறகுதான் டிஃபென்ஸின் கதை முடிந்தது. 2020 அக்டோபரில், அப்போது கிஃபின் பயிற்சியாளராக இருந்த ஓல் மிஸ்ஸை 63-48 என்று வென்ற அதே சமயத்தில், நல்ல டிஃபென்ஸ் இப்போது நல்ல அஃபென்ஸை வெல்வதில்லை என்று சேபனே சொன்னார். அந்த ஆண்டு 52-24 என்று பட்டமும் வென்றார்.

டிஃபென்ஸ் சும்மா இருக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அயோவா ஸ்டேட்டில் ஜான் ஹீகாக் 2017இல் முன்வரிசையில் மூன்று பேர், ஆழத்தில் மூன்று சேஃப்டி (கடைசி வரிசைக் காவல்) என்று நிறுத்தினார். பெரிய உடம்பைக் குறைத்து ஓடக்கூடியவர்களைக் கூட்டினார். மூன்றாம் இடத்தில் இருந்த ஓக்லஹோமாவை அதன் சொந்த ஊரில் வென்றார்கள். ஸ்கோர் 38-31. அப்போதும் 31!

செப்டம்பர் 29, ஞாயிறு

நேற்று டஸ்கலூசாவில் அலபாமா 41, ஜார்ஜியா 34. தொண்டை கட்டிவிட்டது. ஜார்ஜியாவின் கர்பி ஸ்மார்ட், சேபனிடமே டிஃபென்ஸ் நடத்தியவர். அவருடைய டிஃபென்ஸ் மேல் டிபோரின் பிள்ளைகள் 28-0 என்று ஏறினார்கள். ஜார்ஜியா துரத்தி வந்து 34-33 என்று முந்தியது. அடுத்த பந்திலேயே அலபாமாவின் ஜேலன் மில்ரோ உயரமாகப் போட, 17 வயது ராயன் வில்லியம்ஸ் பிடித்து, உடம்பைச் சுழற்றி இருவரிடமிருந்து நழுவி, 75 யார்ட் போய்ச் சேர்ந்தான். அந்த இருவரும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தார்கள்.

டிசம்பர் 1, ஞாயிறு

கொலம்பஸில் நேற்று மிச்சிகன் 13, ஓஹையோ ஸ்டேட் 10! இந்தக் காலத்தில் இப்படியொரு ஸ்கோர். ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு வந்த மிச்சிகனை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் இருவரும் நடுவில் நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார்கள். ஓஹையோ ஸ்டேட் ஓடி எடுத்தது மொத்தம் 77 யார்ட்.

ஜெரமையா ஸ்மித், எமெகா எக்புகா என்று விளிம்பில் அப்படிப்பட்ட பிடிப்பாளர்களை வைத்துக்கொண்டு, ஏன் திரும்பத் திரும்ப நடுவில் போய் முட்டினார்கள்? மிச்சிகனிடம் இருந்த ஒரே பெரிய பலம் அங்கேதான் நின்றது. அதைச் சுற்றிப்போக 100 அடி இருக்கிறது. இதில் எனக்குத் தாங்காத விஷயம், ஓஹையோ ஸ்டேட்டின் அஃபென்ஸை இந்த ஆண்டு நடத்துகிறவர் சிப் கெல்லி. ஆரிகனில் எல்லோரையும் மூச்சு வாங்க வைத்த அதே கெல்லி.

நண்பர் நேற்றிரவே செய்தி அனுப்பிவிட்டார்: "டிஃபென்ஸ்!" கிரஹாமையும் கிரான்டையும் பார்த்தபோது எனக்கும் அந்தப் பழைய சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் ஆட விரும்பிய ஆட்டத்தை எதிரணியே தட்டில் வைத்துக் கொடுத்தது. 20ஆம் தேதி சாம்பியன் பட்டத்துக்கான 12 அணிகளின் பிளேஆஃப் தொடங்குகிறது. ஓஹையோ ஸ்டேட்டுக்கு இடம் கிடைத்தால், கெல்லி முதல் பந்திலேயே ஸ்மித்தை விளிம்பில் தனியாக நிறுத்துகிறாரா என்றுதான் பார்ப்பேன்.