டெக்கை இடிக்காமல் மேற்பலகை மாற்றியபோது பட்டவை

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர மரைன் டிரைவுக்கு அண்மையில் உள்ள எங்கள் வீட்டின் பின்புற மர டெக்கில், அதாவது பலகை பாவிய திறந்த தளத்தில், பலகைகள் வெடித்து, விளிம்புகளில் சிலாம்பு எழும்பி, வெறுங்காலுடன் நடக்கவே முடியாத நிலை வந்திருந்தது. பார்க்க வந்த ஒப்பந்தகாரர்கள் எல்லோரும் முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாக அமைக்க வேண்டும் என்று மேலே நின்றபடியே விலை சொன்னார்கள். ஒருவர்கூடக் குனிந்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை.

தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த மட்டக்களப்புத் தச்சு பாஸ் மட்டும் சில பலகைகளைக் கழற்றி, தாங்கு சட்டங்களிலும், தூண்களின் அடியிலும், வீட்டுச் சுவரோடு போல்ட் போட்டுப் பிணைத்த சட்டத்திலும் ஸ்க்ரூட்ரைவர் முனையால் குத்திக் குத்திப் பார்த்தார். நல்ல மரத்தில் முனை இறங்காது. உக்கிய மரத்தில் அமுக்கினாலே உள்ளே போய்விடும். இரண்டு சட்டங்களின் மேல்விளிம்பில், பழைய ஆணித்துளைகளைச் சுற்றி மட்டுமே அது இறங்கியது. "மேற்பலகைதான் போயிருக்கு அக்கா, எலும்பு நல்லாக் கிடக்கு" என்றார். தூண்களோ சுவரோரச் சட்டமோ உக்கியிருந்தால் புதிதாகக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதையும் அவரே சொன்னார். உங்கள் டெக்கிலும் இந்தச் சோதனை முடியும்வரை எவருக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை போடுவதென்று முடிவெடுத்தோம். எங்கள் பழைய சட்டங்கள் இரண்டு அடி இடைவெளியில் இருந்தன. பலகை விற்றவர் "அது போதும், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்று அடித்துச் சொன்னார். பொருத்தும் முறைத் தாளைக் கேட்டால், அது பலகையோடு வீட்டுக்கு வரும் என்றார். பணம் கட்டுமுன் ஒரு கட்டைப் பிரித்துத் தாளைக் காட்டும்படி பிடிவாதமாக நின்றேன். சட்டங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குலத்துக்கு மேற்படக்கூடாது, மூலைவாட்டில் போட்டால் 12 அங்குலம் என்று அதில் தெளிவாக இருந்தது. விற்றவரின் பேச்சை நம்பிப் போட்டிருந்தால், நடக்க நடக்கப் பலகை நடுவில் தொய்ந்திருக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு சட்டம் கூடுதலாகப் போட்டு, உக்கிய இரண்டுக்கும் பக்கத்தில் புதுச் சட்டம் வைத்துப் பிணைத்துத் துணை கொடுத்தோம்.

அதிகம் அலைய வைத்தவை திருகாணிகள். கடற்காற்றின் உப்பில் சாதாரண ஆணி விரைவில் துருப்பிடிக்கும். 304 வகை ஸ்டெயின்லெஸைவிட, மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 வகையே உப்பைத் தாங்கும். பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் 316 என்று சொல்லித்தான் தந்தார்கள், ஆனால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதக் கேட்டதும் கடைப் பையனின் முகம் மாறிவிட்டது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அதை எடுத்துச் சொன்ன பிறகே வேண்டாவெறுப்பாக எழுதினார். வீட்டில் பாஸ் காந்தத்தை நீட்டினார். திருகாணிகள் கொத்தாக வந்து ஒட்டிக்கொண்டன. வெறும் இரும்புக்கு மேற்பூச்சு! பெட்டி உடைத்தாயிற்று என்று கடைக்காரர் மறுத்துப் பார்த்தார். '316' என்று அவர்கள் கையாலேயே எழுதிய சீட்டை மேசையில் வைத்து, அந்த அதிகார சபையின் 1977 முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன் என்றதும் பணம் திரும்பி வந்தது. காந்தம் பூச்சு இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும், 304ஐயும் 316ஐயும் பிரித்துக் காட்டாது. ஆகவே எழுத்தில் வாங்குவதை விட்டுவிடாதீர்கள்.

சட்டங்களின் மேல்விளிம்பில் தண்ணீர் இறங்காதிருக்கத் தார் பூசிய பிற்றுமின் பட்டி ஒட்டிப் பலகை பொருத்திய வேலை சிக்கலின்றி முடிந்தது. ஆனால் பாஸுடன் வந்த உதவியாள், பார்வைக்கு அழகு என்று பலகைகளை நெருக்கி அடிக்கப் பார்த்தார். தண்ணீர் வடிய 5 மில்லிமீற்றர் இடைவெளியும், வெயிலில் பலகை நீளுமென்பதால் சுவரோரத்தில் தாளில் சொன்ன இடைவெளியும் கட்டாயம் வேண்டும். கடும் நிறம் நண்பகலில் காலைச் சுடும் என்பதால் வெளிர் நிறத்தையே தேர்ந்தெடுத்தோம். மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்குமுன் முடித்துவிட வேண்டுமென்று தை பிறந்ததும் ஆட்களைப் பிடித்தது நல்லதாயிற்று. மிஞ்சிய பலகைகளை எறியாமல் வைத்திருக்கிறோம், ஏனெனில் அடுத்த தொகுதியில் இதே நிறம் அப்படியே வருமென்று கடையில் எவரும் உறுதி தரவில்லை.