அக்கி எங்கிருந்து வந்தது?

முதலில் வந்தது கொப்புளம் இல்லை, நோ. இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை ஒரு பட்டை போல எரிவு. சட்டை உரசினாலே சுரீர் என்றது. எனக்கு 58 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. நெஞ்சுப் பக்கம் நோ என்றால் வீட்டில் சும்மா விடுவார்களா? இரவோடு இரவாக ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் இதயத்தில் ஒன்றுமில்லை. வாய்வுதான் என்று மாமி முடிவு கட்டி, உள்ளி போட்டுப் பால் காய்ச்சித் தந்தார்.

அதற்குப் பிறகுதான் எரிந்த இடத்தில் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும்பின. கொக்குவிலில் நாங்கள் வழமையாகக் காட்டும் டொக்டர் முதுகைப் பார்த்ததும், "ஒரு பக்கம் மட்டும்தான், நடுமுதுகைத் தாண்டேல்லை. இது அக்கி, அம்மா. சின்னனில உங்களுக்குக் கொப்பளிப்பான் வந்ததோ?" என்றார்.

வந்தது. இணுவிலில், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில். படலையில் வேப்பிலை செருகி, வீட்டில் மச்சம் நிறுத்தி, கடைசியில் வேப்பிலை அவித்த தண்ணீர் வார்த்து, அம்மாள் போய்விட்டா என்று அம்மன் கோவிலில் பொங்கினார்கள். கிருமி போகவில்லை என்பதை அரை நூற்றாண்டு கழித்து டொக்டர்தான் சொன்னார்.

கொப்பளிப்பானையும் அக்கியையும் கொண்டுவருவது ஒரே வைரஸ். தோலில் கொப்புளம் போட்ட காலத்திலேயே அது நரம்பு நுனிகளுக்குள் புகுந்து, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகள்வரை ஏறிவிடுகிறது. தோல் உயிரணுக்கள் உதிர்ந்து புதிதாக வளரும். நரம்பு உயிரணுக்கள் பெரும்பாலும் நம் ஆயுள் முழுக்க இருப்பவை. அவற்றின் கருவுக்குள் வைரஸின் மரபணு வளையமாகச் சுருண்டு, புரதம் எதையும் செய்யாமல் கிடக்கிறது என்று சொல்லலாம். உடம்பின் காவல் அணுக்கள் ஒரு உயிரணுவுக்குள் கிருமி இருப்பதைக் கண்டுபிடிப்பது, அதன் மேற்பரப்பில் தெரியும் கிருமிப் புரதத் துண்டுகளை வைத்துத்தான். புரதமே இல்லாவிட்டால் எதைப் பிடிப்பது? எப்போதாவது அது தலையெடுத்தாலும், பழைய நோயை நினைவில் வைத்திருக்கும் டி அணுக்கள் அடக்கிவிடும். வயது போகப் போக அந்தப் பிடி தளர்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை, ஸ்டெரொய்ட் மருந்துகள் எல்லாம் அதை இன்னும் தளர்த்தும். அப்போது வைரஸ் பெருகி, அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. ஒரு நரம்பு போகும் பாதையில் மட்டும், ஒரு பக்கத்தில் மட்டும் அக்கி வருவது இதனால்தான்.

இங்கிலாந்தில் ஹோப்-சிம்ப்சன் என்ற குடும்ப வைத்தியர் 1965இல் இந்த விளக்கத்தை எழுதினார். ஆட்கள் அதிகம் வந்துபோகாத ஷெட்லண்ட் தீவொன்றுக்கும் போய் நோயாளிகளை விசாரித்திருக்கிறார். நெடுந்தீவு மாதிரி இடமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து அசைக்ளோவிர். 800 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு ஐந்து தடவை, ஏழு நாள். கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பதால், "பரியாரியாரிடம் ஒருக்கால் காட்டிப்போட்டுக் குடியன்" என்று மாமி சொன்னதை நான் கேட்கவில்லை. இந்த மருந்து வேலை செய்ய முதலில் வைரஸின் சொந்த நொதி ஒன்று அதைத் தூண்டிவிட வேண்டும். நல்ல உயிரணுக்களை அது பெரிதாகத் தொடாததற்குக் காரணம் அதுதான். தூங்கும் வைரஸை அழிக்க முடியாததற்கும் அதுவே காரணம்: தூங்கும்போது அந்த நொதி உருவாவதில்லை.

மருந்துத் துண்டில் 'ஹெர்ப்பீஸ்' என்று இருந்ததை மகள் கைபேசியில் தேடிப் பார்த்து முகம் வெளிறிவிட்டாள். ஹெர்ப்பீஸ் ஒரு பெரிய வைரஸ் குடும்பம், அக்கியைக் கொண்டுவருவதும் அதில் ஒன்று. மனிதரைப் பிடிப்பவை ஒன்பது. காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் கொப்பளிக்கிறதே, அது இன்னொன்று. அது முகத்து நரம்பு முடிச்சில் தங்கி, வெயில், காய்ச்சல், மன அழுத்தம் என்று சாட்டுக் கிடைத்தால் அடிக்கடி எட்டிப் பார்க்கும். பாலுறவால் தொற்றுவது இடுப்புப் பக்க நரம்புகளில் தங்கும். என்னுடையது பொதுவாக ஆயுளில் ஒரு தடவைதான் வரும், சிலருக்கு இரண்டாவது தடவையும் வரலாம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது, "எங்க போய்த் தொத்திக்கொண்டு வந்தனீர்?" என்றுதான். அக்கி இன்னொருவரிடமிருந்து அக்கியாகத் தொற்றாது. ஆனால் என் கொப்புள நீர் பட்டால், கொப்பளிப்பான் வராத ஒருவருக்குக் கொப்பளிப்பான் வரலாம். தம்பியின் மகள் அப்போது பிள்ளைத்தாச்சி. தனக்குச் சின்ன வயதில் வந்ததா என்று அவளுக்கே தெரியாது. பொருக்குத் தட்டும்வரை இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள், பரவாயில்லை.

பொருக்கு உதிர்ந்தும் எரிவு போகவில்லை. நரம்பு காயப்பட்டதால் வரும் நோ, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்குமாம். பரசிற்றமோல் ஒன்றும் செய்யவில்லை. டொக்டர் இரவில் போட அமிட்ரிப்டிலின் சிறிய அளவில் தந்தார். அதற்குப் பிறகுதான் நித்திரை வந்தது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்திருந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றைக்கே கண் வைத்தியரிடம் ஓடியிருக்க வேண்டும் என்றார்.

ரொறன்ரோவில் இருக்கும் அக்கா 65 வயதுக்குப் பிறகு, அக்கி வராமல் தடுக்கப் போடும் ஷிங்ரிக்ஸ் ஊசியின் இரண்டு டோஸையும் போட்டுவிட்டாள். கிருமியை அது வெளியேற்றாது, டி அணுக்களை மறுபடி உசுப்பிவிடும். இரண்டாவது ஊசிக்குக் கை வீங்கிக் காய்ச்சலும் வந்தது என்று போனில் புலம்பினாள். என் முதுகைப் படம் எடுத்து அனுப்பினேன். புலம்பலை நிறுத்திவிட்டு, அத்தானுக்கும் ஊசிக்குத் திகதி எடுத்துவிட்டாள்.