நாய்க்குச் செலவழிக்க வேண்டியது நேரத்தைத்தான்

சேலத்திலும் இப்போது செல்லப்பிராணிகளுக்கான கடைகள் பெருகிவிட்டன. பஞ்சு மெத்தை, மழைக்கோட்டு, பிறந்தநாள் கேக் என்று எல்லாம் கிடைக்கின்றன. அவற்றின் விலையைப் பார்த்துவிட்டு, நாய் வளர்ப்பது வசதியுள்ளவர்களுக்கே உரியது என்று முடிவு கட்டிவிடுபவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் வளரும் செவலை ஒரு நாட்டு நாய். எங்கள் பாசத்தை அது உணர்வதற்குப் பெரிய செலவு எதுவும் தேவைப்பட்டதில்லை. பொருளின் விலை நாய்க்குத் தெரியாது. தன் சங்கிலியை யார் அவிழ்க்கிறார்கள், யார் தன் போக்கில் நடக்க விடுகிறார்கள், யாருடைய குரல் எந்த வேளையில் கேட்கும் என்பதையெல்லாம் அது மிகத் துல்லியமாக அறிந்து வைத்திருக்கிறது. நம் அன்பை அது அளப்பது இவற்றைக் கொண்டுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நடையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு காசும் செலவில்லாத இந்த ஒன்றைத்தான் பலர் மிகவும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். மலம், சிறுநீர் கழிப்பதற்காக மட்டும் தெருமுனை வரை அழைத்துச் சென்று, நாய் எதையாவது முகர நின்றால் சங்கிலியைச் சுண்டி இழுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மணத்தை உணரும் ஏற்பிகள் மனிதரின் மூக்கில் ஏறத்தாழ 50 முதல் 60 லட்சம் இருக்கின்றன. நாய்களுக்கோ இனத்தைப் பொறுத்து 10 கோடிக்கு மேலும், சிலவற்றுக்கு 30 கோடி வரையும் உண்டு. முகர விடாமல் நாயை நடத்திச் செல்வது அதற்கு உலகத்தையே மறைத்துவிடுவதாகும்.

மூக்கனேரிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு புங்க மரத்தடியில் செவலை நாள்தோறும் நிற்கும். தலையைத் தரையோடு தாழ்த்தி, விட்டுவிட்டுச் சிறு சிறு மூச்சாக உள்ளே இழுக்கும். மூச்சை வெளியே விடும்போது காற்று மூக்கின் ஓரப் பிளவுகள் வழியாகப் பக்கவாட்டில் போகும். அதனால் மூக்கின் இரு பக்கமும் புழுதி லேசாக எழும்பி அடங்குவதைக் குனிந்து பார்த்தால் காணலாம். இந்த அமைப்பினால்தான் வெளியேறும் மூச்சு எதிரே உள்ள மணத்தைக் கலைக்காமல், புதிய மணம் தொடர்ந்து உள்ளே போகிறது. எந்த நாய் அந்த வழியே போனது என்பது போன்ற செய்திகளையெல்லாம் அது அங்கே அறிந்துகொள்கிறது. அது தானாகத் தலையை நிமிர்த்தும் வரை நான் காத்திருப்பேன். இப்படிப்பட்ட நடைக்குப் பின் வீடு திரும்பும் நாய், வேகமாக நெடுந்தொலைவு இழுத்துச் செல்லப்பட்ட நாயைக் காட்டிலும் நிறைவோடு படுத்து உறங்குவதைக் கவனித்திருக்கிறேன்.

சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் நேரத்தை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் சில விநாடிகள் வைத்துப் பாருங்கள். நம் கை தாங்காத சூட்டை அதன் பாதமும் தாங்காது. ஆதலால் கோடையில் விடிந்ததும் ஒரு நடை, இருட்டிய பிறகு ஒரு நடை என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது குரல். என் அம்மா காலையில் கோலம் போட்டுக்கொண்டே, "என்ன கண்ணு, ராத்திரி நல்லாத் தூங்குனியா? பூனை ஏதாச்சும் வந்துச்சா?" என்று செவலையிடம் பேசுவார். அதுவும் வாசற்படியில் உட்கார்ந்து, காதை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். இதை வெறும் பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், பயிற்சி பெற்ற நாய்களின் மூளையை ஸ்கேன் செய்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான நாய்களுக்கு உணவு தரும் மகிழ்ச்சிக்கு இணையாகவோ அதைவிட மிகுதியாகவோ உரிமையாளரின் பாராட்டு மகிழ்ச்சி தந்தது தெரியவந்தது. அதே ஆண்டில் அங்கேரியில் நடந்த மற்றோர் ஆய்வு, பாராட்டும் சொல்லும் பாராட்டும் தொனியும் ஒன்றுசேரும்போதே நாயின் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி நன்கு தூண்டப்படுகிறது என்று காட்டியது. கைப்பேசியைப் பார்த்தபடி ஒப்புக்குச் சொல்லும் "நல்ல பிள்ளை" அதற்கு எட்டாது. ஜப்பானில் 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கனிவாகப் பார்த்துக்கொள்ளும்போது இருவரின் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு கூடுவது கண்டறியப்பட்டது. தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பில் பங்கு வகிக்கும் அதே சுரப்புதான் அது. பழக்கமில்லாத நாயின் கண்களை உற்றுப் பார்ப்பது மிரட்டலாகத் தோன்றும் என்பதால், இதை நம் வீட்டு நாயோடு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டுப் பொருள்களுக்கு வீட்டிலுள்ள பழந்துணியே போதும். கிழிந்த பருத்தி வேட்டியை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்து இறுகப் பின்னி, இரு முனைகளிலும் முடிச்சிட்டால், இழுத்து விளையாட உறுதியான கயிறு கிடைத்துவிடும். பந்து வாங்குவதாக இருந்தால் நீலம் அல்லது மஞ்சள் நிறத்தில் வாங்குங்கள், ஏனெனில் நாய்களால் அந்த இரு நிறங்களையே நன்றாக வேறுபடுத்திப் பார்க்க முடியும். பச்சைப் புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து அவற்றின் கண்ணுக்கு எளிதில் தனித்துத் தெரிவதில்லை. செவலைக்கு மிகவும் பிடித்த விளையாட்டு வேறொன்று. பழைய துண்டு ஒன்றை விரித்து, உப்பில்லாத பொரியையும் வேகவைத்த முட்டைத் துணுக்குகளையும் ஆங்காங்கே தூவி, பாயைப் போலச் சுருட்டிக் கொடுத்துவிடுவோம். மூக்கால் நெம்பியும் முன்னங்காலால் அழுத்தியும் அது அந்தச் சுருளைச் சிறிது சிறிதாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும். மழைநாளில் வெளியே போக முடியாதபோது இது பேருதவி. துணியையே மென்று விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு மட்டும் இதைத் தரக்கூடாது.

உணவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகுக் களி, முட்டை, வேகவைத்த பூசணி, உப்பில்லாத மோர் ஆகியவை எளிதில் கிடைப்பவை, நாய்கள் விரும்பி உண்பவை. மாம்பழக் காலத்தில் தோலும் கொட்டையும் நீக்கிய இரண்டு துண்டுகளைத் தரலாம். கொட்டை குடலில் அடைத்துக்கொள்ளும் என்பதால் குப்பைக் கூடையையும் மூடி வைக்க வேண்டும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு, வேகவைத்த கோழி எலும்பு ஆகியவற்றைப் பாசத்தினால்கூடக் கொடுத்துவிடக் கூடாது. ஏற்காட்டுத் தோட்டங்களில் வசிப்போர், களத்தில் காயும் காப்பிக் கொட்டையை நாய் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். காப்பியிலுள்ள கஃபீன் நாய்க்கு நஞ்சு.

மலையில் உள்ள எங்கள் உறவினர் வீட்டில் காப்பிச் சாக்கு நான்கை ஒன்றாகத் தைத்து, உள்ளே வைக்கோல் அடைத்து, பலகையின் மேல் போட்டுப் படுக்கை அமைத்திருக்கிறார்கள். தரையின் ஈரம் ஏறாததால், மார்கழிக் குளிரிலும் அவர்களுடைய கிழ நாய் விறைப்பின்றி எழுந்து நடக்கிறது. அடிவாரத்தில் எங்கள் சிக்கல் அதற்கு நேர்மாறானது. வேப்ப மர நிழலில் ஈரச் சாக்கை விரித்து, அகன்ற மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நண்பகலைக் கடத்திவிடலாம். நாய்க்குப் பாதங்களில் மட்டுமே ஓரளவு வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும் என்பதால், காற்றோட்டமான நிழல் அதற்கு உயிர்நாடி.

தொடுதலிலும் நம் விருப்பத்தைவிட அதன் விருப்பமே முக்கியம். குழந்தைகள் கழுத்தைக் கட்டிக்கொள்வதைப் பல நாய்கள் பொறுத்துக்கொள்கின்றனவே தவிர, விரும்புவதில்லை. மார்பிலும் காதின் அடியிலும் மெல்லச் சொறிந்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். அது மீண்டும் சாய்ந்து வந்தால் தொடரலாம். நாங்கள் இரவு உணவுக்குப் பின் செவலையை மடியருகே படுக்க வைத்து உண்ணி பார்ப்போம். காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டையின் கீழ், கால்விரல் இடுக்கு என்று ஒவ்வோர் இடமாக முடியை விலக்கிப் பார்த்து, உண்ணி தென்பட்டால் சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுப்போம். நகத்தால் நசுக்குவதோ மண்ணெண்ணெய் தடவுவதோ கூடவே கூடாது. உண்ணியால் பரவும் இரத்த நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பது பெருஞ்செலவு. இந்தச் சிறு கவனிப்பு அதைப் பெருமளவு தடுத்துவிடும். அதோடு, இந்த வேளையை அது மிகவும் விரும்புகிறது. துண்டை விரித்தவுடன் தானாகவே வந்து மல்லாந்து படுத்துவிடும்.

எனக்கு மனம் பொறுக்காத ஒன்று, நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போடுவது. சுற்றுச்சுவரும் கதவும் இருக்கும் வீட்டில் அதற்குத் தேவையே இல்லை. காவலுக்காகக் கட்டுகிறோம் என்கிறார்கள். வீட்டாரோடு கலந்து பழகும் நாய்தான் வீட்டைத் தன்னுடையதாகக் கருதிக் காக்கும் என்பது என் கருத்து. தீபாவளி போன்ற நாள்களில் வெடிச்சத்தத்துக்கு அஞ்சி நடுங்கும் நாயை வெளியே கட்டிவைப்பது கொடுமை. நமக்குக் கேட்காத உயர் ஒலிகளையும் கேட்கும் காதுகள் அவை. சன்னலை மூடி, மின்விசிறியை ஓடவிட்டு, உள்ளறையில் நாமும் அருகில் உட்கார்ந்திருந்தால் போதும்.

தடுப்பூசிக்கும் கையில் காசு வேண்டும் என்று தயங்க வேண்டாம். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் வெறிநோய்த் தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போடச் செய்ததன் நினைவாக அந்த நாளிலும், உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28இலும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடத்தப்படுவது வழக்கம். குட்டிக்கு மூன்று மாதமானதும் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் தொடர வேண்டும். முகாமில் கூட்டமும் பிற நாய்களும் இருக்கும் என்பதால், காலையில் நேரத்தோடு சென்று, சற்றுத் தள்ளி மர நிழலில் காத்திருந்து, முறை வந்ததும் அழைத்துச் செல்லுங்கள். ஊசி போடும்போது தலையைப் பிடித்துக்கொண்டு பழகிய குரலில் பேசிக்கொண்டிருக்க வீட்டிலிருந்து ஒருவர் உடன் போவது நல்லது.