காற்றுப்பையின் மேல் ஒரு கண்

அலாஸ்காவின் வடமேற்கில், சுக்சி கடலை ஒட்டிய கேப் லிஸ்பர்ன் முனையில், அமெரிக்க விமானப்படையின் ரேடார் நிலையம் ஒன்று 1950-களின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது. 1980-களில் ஆள்துணை அதிகம் வேண்டாத புதிய ரேடார் வந்த பிறகு படைவீரர்கள் கிளம்பிவிட, ஒப்பந்தப் பணியாளர்கள் சிலர் மட்டும் எஞ்சினார்கள். அவர்களில் ஒருவனாக இரண்டு குளிர்காலங்களை நான் அங்கே கழித்தேன். மலையுச்சியில் இருந்த ரேடார் சுமார் 200 கடல்மைல் தொலைவு வரை வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. என் பொறுப்பில் இருந்ததோ, கீழே கடலோரம் கிடந்த, விமானங்கள் இறங்கும் 4,800 அடிச் சரளை ஓடுபாதை.

அங்கே போய்ச் சேரச் சாலை கிடையாது. எரிபொருள் கோடையில் சரக்குப் படகில் வரும். கடிதம், காய்கறி, உதிரிபாகம் எல்லாம் விமானத்தில்தான். பாதையின் ஒரு முனையில் மலை நிற்பதால், மலையை நோக்கி இறங்கி, கடலை நோக்கிக் கிளம்ப வேண்டும். இறங்கும்போது ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் மறுபடி மேலேறிச் சுற்றி வர இடமிருக்காது. கட்டுப்பாட்டுக் கோபுரமும் இல்லை. விமானம் வருமுன் வண்டியில் பாதை நெடுக ஓட்டிப் பார்த்து, கரடி ஏதும் நிற்கவில்லை என்று உறுதிசெய்து, காற்றையும் தரையின் நிலையையும் வயர்லெஸ்ஸில் விமானிக்குச் சொல்ல வேண்டும். பனியுருகும் காலத்தில் தரை இளகியிருக்கிறதா என்பதைப் பூட்ஸ் குதிகாலை அழுத்தித்தான் கண்டுபிடிப்போம். இதற்கென்று எங்களிடம் வேறு கருவி இருந்ததாக நினைவில்லை.

தெற்கிலிருந்து வரும் காற்றைத்தான் நாங்கள் அஞ்சினோம். அது மலையைத் தாண்டிக் கீழே விழும்போது ஒழுங்கின்றிச் சுழலும். ஒரு பிப்ரவரி மாதத்தில், இரண்டு வாரம் தடைப்பட்ட விமானம் வந்துகொண்டிருந்தது. காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் துணிப்பையான காற்றுப்பை, பாதையின் கடல்பக்கத்தில் ஒரே திசையில் அலையாமல் நீண்டு நின்றதைப் பார்த்து, "காற்றின் வேகம் பன்னிரண்டு நாட், சீராக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணம் மலைப்பக்கம் திரும்பினேன். அங்கிருந்த காற்றுப்பை விறைத்து நேரெதிர்த் திசையைக் காட்டியது. குளிரில் கையுறையோடு வயர்லெஸ் பொத்தானை அழுத்த வரவில்லை. பல்லால் கையுறையை உருவி எறிந்துவிட்டு, "இறங்க வேண்டாம்" என்று கத்தினேன். விமானம் கடலின் மேலேயே வளைந்து திரும்பிவிட்டது.

சமையற்காரர் அன்று என்னோடு பேசவில்லை. விமானம் திரும்பிய கால்மணி நேரத்தில் காற்று அடங்கிப்போனதால் என் தீர்ப்பைச் சந்தேகித்தவர்களும் உண்டு. முதலிலேயே இரண்டு பைகளையும் பார்க்காதது என் தவறு என்பதை மட்டும் நான் ஒப்புக்கொண்டேன்.

இலையுதிர்காலப் புயல்களின்போது கரையைக் காத்த கடற்பனி, வெப்பம் கூடக்கூட ஆண்டுதோறும் தாமதமாக உறையத் தொடங்கியதால், அலைகள் பாதையின் விளிம்பையே அரித்தன. 2010-களில் 5,000 அடிக்கும் மேற்பட்ட நீளத்துக்குப் பாறைச் சுவரைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. கடலின் வேகத்தைக் கண்ணால் அளந்துவிடலாம். காற்று அப்படிச் சிக்குவதில்லை.

அந்தப் பிப்ரவரியில் திரும்பிப்போன அதே விமானி ஒன்பது நாள் கழித்து இறங்கினார். விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே பெட்டிகளை இறக்கினோம். உருளைக்கிழங்கு பாதி உறைந்துபோயிருந்தது. கடிதப் பையை என் கையில் கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்வை என் தோளுக்கு மேலே, மலைப்பக்கக் காற்றுப்பையிலேயே இருந்தது.