புத்தகத்தில் உள்ளபடி

"இதுல என்ன தப்பு மாமா?" என்று விடைத்தாளை நீட்டினாள் பக்கத்து வீட்டுப் பெண். பத்தாம் வகுப்பு அறிவியல். வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்பது கேள்வி.

நீல ஒளிக்கு அலைநீளம் குறைவு, அதனால் காற்று மூலக்கூறுகளில் பட்டு அதிகம் சிதறுகிறது என்று எழுதியிருக்கிறாள். அதோடு நிற்கவில்லை. மாலையில் ஒளி காற்றுக்குள் நீண்ட தூரம் வரவேண்டியிருப்பதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது என்று, யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்திருக்கிறாள்.

அந்த வரியைத்தான் அடித்திருந்தார்கள். ஓரத்தில், "புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்".

எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் மேல் இல்லை. ஒரு கட்டு விடைத்தாளை ராத்திரிக்குள் திருத்த வேண்டியவர், விடைக்குறிப்பில் உள்ள சொல்லைத்தான் தேடுவார். அப்படித் தேட வைக்கும் ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

இதே ஏற்பாட்டில்தான் தமிழ்நாட்டில் பல தனியார் பள்ளிகள் 11-ஆம் வகுப்புப் பாடத்தையே விட்டுவிட்டு, இரண்டு வருடமும் 12-ஆம் வகுப்புப் புத்தகத்தை உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் 11-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதை நீக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, சரி, மகிழ்ச்சிதான்.

ஆனால் பொறியியலுக்கு அடிப்படையான நுண்கணிதம் (கால்குலஸ்) தொடங்குவதே 11-ஆம் வகுப்பில்தான். அதைத் தாண்டிக் குதித்து, நல்ல மதிப்பெண்ணோடு பொறியியல் சேர்ந்த பிள்ளைகள் முதல் வருடமே திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய வழக்கம் திரும்பிவிடக் கூடாது. வீட்டில் பதினொன்றாவது படிக்கிற பிள்ளை இருந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை விடுங்கள், 11-ஆம் வகுப்புப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று கேளுங்கள்.